உறக்கமும் ஒரு முதல்

பங்கு முதல், சேமநிதி, கடன் பாக்கி ஆகிய யாவும் நம் சங்கப் பேரேடுகளில் ஏறுகின்றன. அவற்றை ஈட்டித் தரும் அங்கத்தினரின் உறக்கமோ எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இக்குறையை நீக்குவது சங்கங்களின் கடமை என்பதே என் கருத்து.

குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரங்களில் விசைத்தறிகள் இரவிலும் ஓடுகின்றன. இரவில் மும்முனை மின்சாரம் வரும் கிராமங்களில் விவசாயி நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடச் செல்கிறார். உடலுக்குள் இருபத்து நான்கு மணி நேரக் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் இயக்கத்தை விளக்கிய மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். வெளிச்சமே அதற்குச் சாவி. வாரந்தோறும் இரவும் பகலும் மாறி உழைப்பவருக்கு அக்கடிகாரம் ஒருபோதும் நிலைகொள்ளாது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம் ஓரளவு மது அருந்தியவரின் கவனத்தைப் போல் தளர்கிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. தறியருகிலும் கிணற்று மேட்டிலும் இத்தளர்ச்சி எத்துணை ஆபத்தானது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேல் தூக்கம் வராதிருப்பின் அது நோயே, விதியன்று. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரையன்று. படுக்கைப் பழக்கத்தையும் மனக்கவலையையும் சீர்செய்யும் பயிற்சியே. பலத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நிற்பதும், பகலில் அயர்வும் இருப்பின் மருத்துவரை உடனே காணுதல் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு. மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்பது தகாது. இரவு முறை முடித்தவர் அறையை இருட்டாக்கி உறங்குவதும், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே தேநீரை நிறுத்துவதும் பயன் தரும்.

இரவு முறையை நிறுத்தினால் கூலி குறையுமே என்பர் சிலர். நிறுத்தச் சொல்லவில்லை. முறை மாறும்போது ஒரு முழுநாள் ஓய்வு அளிக்கலாமே! நெசவாளர் சங்கங்கள் தறி உரிமையாளரிடம் இதை வற்புறுத்தலாம். விவசாயச் சங்கங்கள், பகலிலேயே நீர் இறைக்கும் சூரிய சக்திப் பம்பு செட்டுகளுக்கு மனுச் செய்ய அங்கத்தினருக்கு உதவலாம். மருத்துவ முகாம் நடத்தும் சங்கம், "இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்?" என்ற கேள்வியையும் சேர்க்கட்டும்.

கண் விழித்து ஈட்டிய கூலி மருத்துவச் செலவிற்கே போகுமாயின் அதில் இலாபம் ஏது? அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொணருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன்.