யூத நெறியை யார்வாய்க் கேட்டறிந்தோம்?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, சைவத்தையோ தமிழையோ பற்றி எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ யூத நெறி. இந்துக் கல்லூரி மலரில் இதற்கு இடமேன் என்று வினவுவார்க்கு, எம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றையே விடையாகத் தருகின்றோம்.

உலகச் சமயங்களைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு உயர்வகுப்பு மாணவரை ஒருநாட் பணித்தோம். தோட்டத்திலிருந்து வரும் நன்மாணவர் ஒருவர், "யூதர் இயேசுவைக் கொன்றவர், வட்டிக்குப் பணங்கொடுப்பவர்" என்று இரண்டே தொடரில் அச்சமயத்தை முடித்துவிட்டார். முன்னையதைப் பெரிய வெள்ளிக்கிழமையன்று தோட்டத்துத் தேவாலயத்தில் நடித்துக் காட்டிய பாடுகளின் காட்சியில் அறிந்தாராம். பின்னையதை ஓர் இறாத்தல் தசை கேட்ட ஷைலொக்கின் கதையிற் படித்தாராம். அவர் உள்ளத்திற் பகையில்லை. யூதர் ஒருவரையேனும் அவர் கண்டதுமில்லை. கண்டிராத மக்களைப் பற்றி இத்துணை உறுதியாக எழுத அவருக்குக் கற்பித்தவர் யாவர்? பிறரே. ஒரு நெறியை அதனோடு பிணங்கியவர் வாய்மொழியால் மட்டும் அறிதல் அறிவாகாது என்பதே எம் கருத்து.

ஷைலொக்கையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலிருந்து யூதர் துரத்தப்பட்டது 1290 இல். அவர் மீண்டும் அங்கே வெளிப்படையாக வாழத் தலைப்பட்டது 1656க்குப் பின்னரே. இடைப்பட்ட காலத்திலேயே ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை இயற்றினார். யூதர் யூதராக வாழ இயலாத நாட்டில் எழுந்த யூதர் உருவம் அது. நிலமும் கைத்தொழிலும் பலவிடத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு வட்டித் தொழிலையே விட்டுவைத்து, பின்பு அதனையே அவர் குற்றமாகக் கூறியது அன்றைய ஐரோப்பா.

இனி அந்நெறி தன்னைப் பற்றி யாது கூறுகின்றது என்பதைக் காண்போம். அஃது ஒரே இறைவனை, உருவின்றி, வழிபடும் நெறி. ஆபிரகாமைக் குலமுதல்வராகவும் மோசேயைப் பேராசானாகவும் போற்றுவது. மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்கள் தோரா எனப்படும். இறைவாக்கினர் நூல்களும் திருப்பாடல் முதலிய ஏனைய நூல்களும் சேர, அம்மறை முப்பகுதியாகும். கிறித்தவர் பழைய ஏற்பாடு என வழங்குவது பெரும்பாலும் இம்மறையையே. யூதர்க்கோ அது பழையதுமன்று, பின்வரும் நூலுக்கு முன்னுரையுமன்று; தன்னளவில் நிறைந்த மறை. சூத்திரத்துக்கு உரையும் உரைக்கு விளக்கமும் வளர்ந்தாற்போல, அம்மறையைச் சூழ்ந்து தல்மூத் என்னும் பெருந்தொகுதி வளர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை இல்லத்தரசி விளக்கேற்ற, அவர்தம் ஓய்வுநாள் தொடங்கும். வெள்ளி விளக்கின் பொலிவை அறிந்த நம்மவர்க்கு இக்காட்சி அயலானதன்று.

எருசலேமில் அவர்க்கு ஒரு பெருங்கோயில் இருந்தது. கி.பி. 70 இல் உரோமர் அதனை அழித்தனர். பலியும் தூபமும் அற்றுப்போக, ஓதலும் வேண்டுதலுமே வழிபாடாயின. கோயிலிழந்த மக்கள் ஏட்டைக் கோயிலாக்கிக்கொண்டனர் எனலாம்.

இயேசு இம்மக்களிடையே யூதராகவே பிறந்தார்; யூதராகவே வாழ்ந்தார். அவர் அன்னையும் முதற் சீடரும் யூதரே. நற்செய்தி நூல்களுள் மூன்று, அவரது இறுதி இராவுணவைப் பாஸ்கா விருந்தாகவே காட்டுகின்றன. மெசியா என்னும் எபிரேயச் சொல்லுக்கும் கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் பொருள் ஒன்றே: அபிடேகம் பெற்றவர். அவர் வந்துவிட்டார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. வரவில்லை என்பது யூதர் துணிபு. இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்பதையும் யூதர் ஏலார். யூதராகிய பவுல், விருத்தசேதனம் முதலிய விதிகளைப் பிற இனத்தார்மேற் சுமத்தாது நற்செய்தியை அவர்பாற் கொண்டுசென்றார். அதன் பின்னர் இரு நெறிகளும் மெல்ல மெல்லப் பிரிந்தன. இவற்றைத் தாயும் மகளும் என்பர் சிலர். ஒருதாய் வயிற்று உடன்பிறந்தார் என்பர் வேறு சிலர்.

சிலுவை உரோமர் தண்டனை. அதனை விதித்தவன் உரோம ஆளுநனாகிய பிலாத்து. ஆயினும் பழி ஓர் இனம் முழுவதன்மேலும் விழுந்தது. பல நூற்றாண்டு அப்பழி வளர்த்த வெறுப்பு, நாசியரின் இனவெறிக்கும் நிலம் பண்படுத்திற்று. அவ்வெறிக்கு ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் இரையாயினர். 1965 ஒக்தோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்குரிய பழியை அன்றிருந்த யூதர் அனைவர்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் சுமத்துதல் ஆகாது என வெளிப்படையாக அறிவித்தது. திருச்சபையே களைந்த பழியை எம் மாணவர் இன்றும் எழுதுகின்றார் என்றால், திருந்த வேண்டுவது யாருடைய பாடம்?

நம்மவருள் இம்மறையை ஊன்றிக் கற்றவர் இலரல்லர். ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர். 1854 இல் வெளிவந்த தமது சைவதூஷண பரிகாரத்தில், கோயில், விளக்கு, தூபம், நைவேத்தியம் ஆகியன சைவத்துக்கே உரிய குற்றங்களெனின், அவை கிறித்தவரின் மறையிலேயே இறைவன் விதித்த வழிபாடாக உள்ளனவே என்று வினவி, எதிர்த்தவரைத் திகைக்கவைத்தார். நம் சமயத்தைப் பிறர் உரைத்தபடியே கொள்ளாதீர் என்பதே அவர் வாழ்நாட் போராட்டம். அந்நீதியை நமக்குக் கேட்ட நாம், பிறர்க்கு மறுத்தல் முறையாமா? நாவலர் வாதத்துக்காகக் கற்றதை நாம் அறிதலின் பொருட்டுக் கற்போம்.

யூதர் நமக்கு முற்றும் தொலைவினருமல்லர். சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்திற் செப்பேடு பொறித்தான். கொச்சியில் 1568 இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது. இன்னும் அண்மையில், புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டம் உண்டு. அப்பெயர் ஐரோப்பாவின் புகழ்பெற்ற யூதக் குடும்பமொன்றின் பெயர். தாய்வழியில் அக்குடும்பத்தைச் சேர்ந்த மோரிஸ் வோர்ம்ஸ், காபிரியேல் வோர்ம்ஸ் என்னும் உடன்பிறந்தார் அங்கே கோப்பி பயிரிட்டனர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பெருமளவில் தேயிலை நடுவதற்கு முன்பே, 1841 அளவிற் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து நட்டவர் இவர். அவரைப் புகழ்தல் எம் நோக்கமன்று. அவர் துரைமார், அக்காலத்துத் தோட்டங்களில் உழைத்தோர் நம் முன்னோர். எனினும், நாம் நாள்தோறும் உச்சரிக்கும் ஊர்ப்பெயரிலேயே உறையும் வரலாற்றை அறியாதிருத்தல் அழகன்று.

பிறர்வாய்ப் பட்ட பெயரின் கொடுமையை மலையக மக்களினும் நன்கறிந்தார் யாவர்? துரையின் பேரேட்டிற் 'கூலி' என்றும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் 'நாடற்றவர்' என்றும், தெருவிற் 'கள்ளத்தோணி' என்றும் பெயர் சுமந்தவர் நம்மவர். பாஸ்கா இரவில் யூதர் இல்லத்து இளங்குழந்தை, 'இவ்விரவு ஏனைய இரவுகளினின்றும் வேறுபடுவது ஏன்?' எனக் கேட்கும். எகிப்தில் அடிமைப்பட்ட கதையை மூத்தோர் சொல்வர். அந்நியராய்த் துன்புற்றீர், ஆகலின் அந்நியரைத் துன்புறுத்தாதீர் என்பது அவர் மறையின் கட்டளை. இன்றைய அரசொன்றின் செயல்களை இக்கட்டளை கொண்டே எவரும் ஆராயலாம்; ஆனால் அச்செயல்களை நெறியின்மேலேற்றி நெறியையே பழித்தல் தகாது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்து வந்தோர் கதையை நம் இல்லங்களுள் எத்தனை தம் குழந்தைகட்குச் சொல்கின்றன?

எம் வேண்டுகோள் சிறிது. பழைய மாணவர் நம் கல்லூரி நூலகத்துக்கு, ஒவ்வொரு சமயத்தைப் பற்றியும் அச்சமயத்தாரே எழுதிய நூலொன்றேனும் வாங்கித் தருக. ஆசிரியராகிய யாம் அவற்றைக் கற்று, வகுப்பில் எடுத்துரைப்போம். மேற்கூறிய மாணவர் தம் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தார். இம்முறை நான்கு பக்கம். முடிவில் அவர் எழுப்பிய வினாக்கள் ஏழு. அவற்றுள் மூன்றுக்கு எம்மிடம் விடையில்லை. நூலகம் வளர்க, கல்லூரி வாழ்க.