தமிழ்தானே, பார்க்கட்டும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆங்கிலக் கார்ட்டூனுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, தமிழுக்குக் கிடையாது. போட்டவன் நான்தான். மகளுக்கு ஆறு வயது, அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். பாலர் பள்ளியில் நாள் முழுக்க ஆங்கிலம், புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் ஆங்கிலம், பொம்மைகளோடு பேசுவதும் ஆங்கிலம். நானும் மனைவியும் வேலை முடிந்து வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அதுவரை அம்மாதான் அவளைக் கூட்டி வந்து, குளிப்பாட்டி, சமையலையும் பார்ப்பார். அந்த இரண்டு மணி நேரம் காதில் தமிழ் விழுந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். உங்களில் பலரும் இப்படி நினைத்திருப்பீர்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்பா, நான் கறுப்பா?”

பள்ளியில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. “யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. கறுப்பா இருந்தா மாமியார் சோறு போட மாட்டாங்கதானே?”

ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கலக்காத தமிழ் வாக்கியம். வேறொரு நாளாக இருந்தால் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லி மகிழ்ந்திருப்பேன்.

அவள் தூங்கிய பிறகு தொலைக்காட்சியில் அன்று ஓடியவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஐந்து மணிக்குச் சிங்கமும் முயலும். பிறகு காக்கையும் நரியும். அதன் பிறகு ஏழை அண்ணன், பணக்காரத் தம்பி. எட்டாவதாக ஒரு கறுப்பு மருமகள். அங்கிருந்து ஏழு மணி வரை மாமியார் கதைகள்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியிருக்கிறது. எந்தத் தளம் என்பது முக்கியமில்லை. தானாக ஓடும் வசதி இருக்கும் எந்தத் தளத்திலும் இது நடக்கும்.

அந்த எட்டாவது கதையை முழுவதும் பார்த்தேன். முயல் கதையில் இருந்த அதே உருண்டைக் கண்கள், அதே பளிச்சென்ற நிறங்கள், அதே இனிமையான குரல். இரண்டு மருமகள்கள். சிவப்பாக இருப்பவளுக்கு லட்டு, கறுப்பாக இருப்பவளுக்குப் பழைய சோறு, சில நாள் அதுவும் இல்லை. கடைசியில் காட்டில் ஒரு தேவதை வந்து அவளைச் சிவப்பாக்கிவிடுகிறது. மாமியார் கட்டிப்பிடித்து அழுகிறார். சுபம். இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. எந்த வடிகட்டி இதைப் பிடிக்கும்?

காலையில் அம்மாவிடம் கேட்டேன்.

“அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. தமிழ்தானே, பார்க்கட்டும்னு விட்டுட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு நல்லா ஆயிடுதே?”

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டம் என்னுடையது.

பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். யூடியூபில் ‘குழந்தைகளுக்கானது’ என்று ஒரு குறி வருமே, அதைத் தர முத்திரை என்றே நான் நம்பியிருந்தேன். அப்படியல்ல. 2019-இல் பிள்ளைகளின் தகவல்களைச் சேகரித்தது தொடர்பாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 17 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியில் வந்த ஏற்பாடு இது. குறியைப் பெரும்பாலும் போடுவது காணொளியைப் பதிவேற்றுபவர். இது பிள்ளைகளை நோக்கி எடுக்கப்பட்டது, இதைப் பார்ப்பவரின் விருப்பத்தை ஆராய்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்பதே அதன் பொருள். பிள்ளைகளுக்கு நல்லது என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஆங்கில நிகழ்ச்சி என்றால், காமன் சென்ஸ் மீடியா போன்ற இடங்களில் எந்த வயதுக்குப் பொருந்தும், வன்முறை எவ்வளவு, பேச்சு எப்படி என்று பெற்றோருக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பு மருமகளுக்கு அங்கே மதிப்புரை தேடிப் பயனில்லை. தமிழுக்கு அந்த வேலையை நாமே உட்கார்ந்து செய்தால்தான் உண்டு.

செய்தேன். யூடியூப் கிட்ஸ் செயலியில் 4 வயதுவரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் அதில் ஒன்றைத் தட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அதே இடத்தில் பெற்றோர் தாமே தேர்ந்தெடுத்து அனுமதிக்கும் வசதியும் இருக்கிறது. அதைப் போட்டால், நாம் அனுமதித்த காணொளிகளும் ஒளிவழிகளும் மட்டுமே பிள்ளையின் கண்ணில் படும். அவளால் தேடவும் முடியாது. எனக்கு இரண்டு சனிக்கிழமை மாலைகள் பிடித்தன. அலுப்பான வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தேர்ந்தெடுக்கும்போது இப்போது முடிவைத்தான் முதலில் பார்க்கிறேன். நீதிக்கதை என்று பெயர் வைத்திருப்பதால் நடுவில் எவ்வளவு கொடுமை வந்தாலும் பரவாயில்லை என்று நாம் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு நீதி புரிவதில்லை, பரிசு புரிகிறது. யாருக்கு லட்டு கிடைத்தது, எதற்காகக் கிடைத்தது என்பதை அது சரியாகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கவனிக்கிறேன். குண்டுப் பையன், திக்கிப் பேசுபவர், வேலைக்காரப் பெண். நம் சினிமா நகைச்சுவையிலிருந்து நேராக இறங்கி வந்த ஆட்கள் இவர்கள். முயல் கதையும் மாமியார் கதையும் ஒரே ஒளிவழியில் இருந்தால் முழு ஒளிவழியையும் அனுமதிப்பதில்லை. முயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வடிகட்டி முடித்தபோது மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் தமிழுக்கு வேறு இடங்களும் உண்டு. மீவாட்ச்சில் வசந்தத்தின் சிறுவர் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தமிழ் மின்னூல்களை இரவல் வாங்கலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. படம் பெரிதாக, வரி சிறிதாக இருக்கும். பாட்டியின் மடியில் உட்கார்ந்து படிக்கத் தோதானவை. பக்கத்தை நாம் தள்ளினால்தான் அடுத்தது வரும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கார்ட்டூனை இவ்வளவு சலித்தெடுத்துவிட்டு, வாரக் கடைசியில் புதுப்படம் போட்டு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வோம், அது வேறு கதை. சிங்கப்பூரில் பிஜி13 என்பது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. என்சி16 முதல்தான் திரையரங்கில் வயது பார்த்து நிறுத்துவார்கள். வீட்டில் யார் நிறுத்துவது? இந்தியாவில் 2024 முதல் யுஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். “யுஏ படம்தான், பிள்ளைகளோடு பார்க்கலாம்” என்று ஊரிலிருந்து சித்தப்பா சொன்னால், எந்த யுஏ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் மாறியது. 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒன்றரை வயது முதல் ஆறு வயதுவரை பள்ளி நேரம் போகத் திரைக்கு முன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பிடும்போதும் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் கூடாது. தமிழுக்குத் தனிச் சலுகை எதுவும் அதில் இல்லை. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று அம்மாதான் கவலைப்பட்டார். இப்போது இருவரும் சேர்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். பாட்டி தன் மாமியார் கதையைச் சொல்கிறார். நிஜ மாமியார், கொஞ்சம் நல்லவர், கொஞ்சம் கடுகடு. அம்மாவும் கறுப்புதான்.

அந்தக் கார்ட்டூனை மறைத்துவிடாமல், ஒரு நாள் மகளோடு சேர்ந்து இன்னொரு முறை பார்த்தேன். பழைய சோறு வரும் இடத்தில் நிறுத்தி, “இந்தப் பாட்டி செய்யறது சரியா?” என்று கேட்டேன். “இல்ல” என்று உடனே சொன்னாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் எம்ஆர்டியில் என் கையையும் அவள் கையையும் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று கேட்டாள்.

“அப்பா, அந்தத் தேவதை திரும்பி வந்து அந்த அக்காவோட பழைய கலரைக் குடுத்துடுமா?”

இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. “குடுத்துடும்மா” என்றேன்.

“எப்போ?” என்றாள்.