மொழி தெரியாதவன் கூலி

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில் நாம் அலுவல் முடித்து வீடு திரும்பியபோது, தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் வாயிலில் காத்திருந்தார். வயது இருபத்து நான்கு, ஏ.சி. மெக்கானிக்; கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

“அண்ணாச்சி, சவூதியில் வேலை கிடைத்துவிட்டது. மாதம் 1,800 ரியால். அரபி ஒரு சொல்கூடத் தெரிய வேண்டியதில்லையாம். எல்லாவற்றையும் ஏஜெண்டே பார்த்துக்கொள்வாராம்” என்றார்.

ஏஜெண்டு கேட்டிருந்த தொகை ரூ. 1,40,000. அவருடைய அன்னையார் தாலிக்கொடி நீங்கலாக மற்ற நகைகளை அடகு வைக்கத் துணிந்துவிட்டார்.

மொழி தெரிய வேண்டியதில்லை என்னும் சொல் நம் குடும்பத்துக்குப் புதிதன்று. நம் தந்தையார் 1979ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாதர் நிலையத்தில் இறங்கியபோது, அவரிடமும் இதையேதான் சொன்னார்கள். இந்தியும் அறியார், மராத்தியும் அறியார். கட்டட வேலையில் அவரைச் சேர்த்துவிட்ட மேஸ்திரி வேற்றூரார் அல்லர். நம் ஊர்க்காரரே, நம் வீட்டுக் கலியாணத்தில் மொய் எழுதியவரே. சனிக்கிழமைதோறும் கூலியை வாங்கித் தருபவரும் அவரே.

அந்நாளில் பெஸ்ட் பேருந்துகளின் முகப்பில் எண்ணும் ஊர்ப்பெயரும் மராத்தி எழுத்திலேயே இருக்கும். நம் தந்தையார் பேருந்துக்காகவே அவ்வெண்களைக் கற்றார். மூன்றும் ஆறும் கண்ணாடியில் பார்த்தாற்போல் எதிரெதிராகத் திரும்பி நிற்கும் என்பதை நாலைந்து முறை தவறான பேருந்தில் ஏறித்தான் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு சனிக்கிழமை, மஸ்டர் புத்தகத்தில் தமிழில் கையொப்பமிடக் குனிந்தவர், தம் பெயருக்கு எதிரே ஆறு என்னும் எண் இருப்பதைக் கண்டார். கைக்கு வந்ததோ ஐந்து நாள் கூலி. ஏறத்தாழ எட்டுத் திங்கள் அவ்வாறே நடந்திருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டதற்கு, “உனக்குப் பேசித் தருகிறேனே, அதற்கு யார் கொடுப்பார்கள்?” என்றாராம். தந்தையார் இக்கதையைச் சொல்லும்போது கோபப்பட்டு நாம் கண்டதில்லை. அவர் பேசியது உண்மைதானே என்பார்.

மாதுங்காவில் குடியேறிய நம்மவர் நிலை வேறு. அவர்களும் மராத்தி அறியாமல் வந்தவர்களே. ஆயினும் ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கைவசம் இருந்தமையால் இடையில் மேஸ்திரி வேண்டியிருக்கவில்லை. துரைமார் கம்பெனிகளுக்கு வேண்டிய மொழி ஆங்கிலமே. உத்தியோகம் நிலைத்தது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது. இங்கேயும் விலை பிறகு வந்தது. 1966ஆம் ஆண்டில் சிவசேனை தோன்றியபோது, அலுவலக நாற்காலிகளில் தென்னிந்தியர் நிறைந்திருக்கின்றனர் என்பதே அதன் முதற் குறையாக ஒலித்தது; ‘மார்மிக்’ இதழில் பெயர்ப் பட்டியல்களே வெளிவந்தன. அக்கிளர்ச்சியின் முறையை நாம் ஒப்பவில்லை. ஆனாலும், முப்பது ஆண்டு ஒரே மாடியில் குடியிருந்து, அடுத்த வீட்டாரோடு அவர் மொழியில் நலம் விசாரிக்கக் கல்லாதவர் நம்மில் பலர் இருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நிற்க. இளைஞர் கொண்டுவந்த தாளுக்கு வருவோம்.

முழுவதும் அரபு எழுத்து. அதன் பொருளை ஏஜெண்டு வாயால் சொன்னாரேயன்றி எழுதித் தரவில்லை. சவூதியின் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்துக்கு உரிய மொழி அரபியே. வேறு மொழியில் பிரதி இருந்தாலும், வழக்கென்று வந்தால் அரபுப் பிரதியே செல்லும். ஆதலின் அத்தாளில் எழுதியிருப்பதுதான் இவருடைய கூலி. ஏஜெண்டின் வாய்ச்சொல் அன்று.

நம் தெருவில், அந்நாட்டில் பதினான்கு ஆண்டு பணியாற்றித் திரும்பிய பெரியவர் ஒருவர் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். அவரிடம் இருவரும் சென்றோம். அவர் முதலில் ஒரு நற்செய்தி சொன்னார். வேலைத் தளத்தில் அரபி அதிகம் வேண்டாமாம். பாகிஸ்தானியரும் வங்காளிகளும் நேபாளியரும் நம்மவரும் கலந்து பேசுவது பெரும்பாலும் இந்தியே என்றும், தாராவி இந்தி ஒன்றே போதும் என்றும் சொன்னார். பல்லாண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தத் தாராவி இந்திக்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இப்படியொரு மதிப்பு!

பிறகு தாளை விரித்து எண்களைக் காட்டினார். அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லினும் எண்களை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்த கோடு. நம் சுழியைப் போன்று வட்டமாக இருப்பது ஐந்து; சுழியோ வெறும் புள்ளி. ஏழு மேலே விரிந்த கவட்டை போன்றது. அதைக் கவிழ்த்தால் எட்டு, ஒரு குடிசையின் கூரை போல. “1,800 என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் கூரை இருக்க வேண்டும், தம்பி, தேடிப் பாரும்” என்றார். மூவரும் தேடினோம். கூரை இல்லை. அங்கே இருந்தது இரண்டு. மாதம் 1,200 ரியால்.

குமாஸ்தா புத்தி கணக்கில்தானே போகும்? திங்களுக்கு 600 வீதம் இரண்டாண்டுக்கு 14,400 ரியால். ரியாலுக்கு இருபது ரூபாய் என்று குறைத்து மதித்தாலும் ரூ. 2,88,000. நம் தந்தையாரின் மேஸ்திரி வாரத்துக்கு ஒரு நாள் கூலிதான் எடுத்தார்.

மற்றொன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. (நாம் மெட்ரிகுலேஷன் தேறியவர், அதனால் கிடைத்தது ரயில்வே நாற்காலி என்றுதான் நினைத்திருந்தோம், இதற்கும் அதுவே எல்லைக்கோடு என்பதைப் பிறகே அறிந்தோம்.) வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இத்தகையோர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும், அதற்குரிய அலுவலகம் மும்பையிலேயே உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கத்தக்க உச்சக் கட்டணம் ரூ. 30,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவே. பதிவு பெற்றவரா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் எவரும் பார்க்கலாம். நாம் பார்த்தோம், அப்பெயர் அங்கே இல்லை. அனுமதியெல்லாம் பிறகு ஆகட்டும், முதலில் சுற்றுலா விசாவில் ஏறிவிடுங்கள் என்று சொல்வோரும் உளர். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு மோசடி வேலைக்கு ஏவப்பட்டதையும், அவ்வாண்டு அக்டோபரில் பதின்மூவர் மீட்கப்பட்டுச் சென்னை வந்ததையும் அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

மொழியை முன்கூட்டியே கேட்கும் நாடுகளைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். ஜப்பான் 2019 முதல் தேர்ச்சி பெற்ற தொழிலாளரை அழைக்கும் திட்டத்தில் தொடக்கநிலை ஜப்பானிய மொழித் தேர்வு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் செவிலியராக ஏற்கப்பெற ஜெர்மன் மொழி நன்றாகவே வர வேண்டும். 2024 பிப்ரவரியில் நம் மகாராஷ்டிர அரசே ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தோடு, மொழிப் பயிற்சியும் தந்து ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் செய்தது. மொழி கேட்பவனைவிட, மொழியே வேண்டாம் என்பவனிடமே நமக்கு அச்சம் மிகுதி.

இளைஞர் அத்தாளை அன்றே திருப்பிக் கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “1,200 ஆனாலும் இங்கே கிடைப்பதைவிட அதிகந்தானே, அண்ணாச்சி?” என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் எளிதான விடை இல்லை. அவர் வீட்டு வாடகையை நாம் கொடுப்பதில்லை. நகையை மட்டும் இன்னும் ஒரு திங்கள் பொறுத்து அடகு வைக்கும்படி அவருடைய அன்னையாரிடம் கேட்டுக்கொண்டோம்; இசைந்தார். அதற்குள் பதிவு பெற்ற ஏஜெண்டு மூலம் முயல்வதாக அவரும் ஒப்புக்கொண்டார்.

தேநீர்க்கடைப் பெரியவர் இத்திங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு நம் சங்கக் கட்டடத்துக்கு வந்து, அரபு எண்கள் பத்தையும் கூலி, விடுமுறை, மிகைநேரம் என்பவற்றுக்குரிய சொற்களையும் கற்பிக்க முன்வந்திருக்கிறார். கட்டணம் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் வைத்திருப்போர் அதனையும் எடுத்து வருக. கையொப்பம் இடுவதற்கு முன்னரே வருக.