100.5-ல் மட்டும் கொடைக்கானல் கேட்பது எப்படி?

தேவாரம் பக்கம் தோட்ட வேலையில் இருப்பவர்கள் ரேடியோவில் 100.5 வைத்தால் கொடைக்கானல் பண்பலை. முள்ளை நகர்த்தினால் வேறு நிலையம். எல்லா நிலையங்களின் அலைகளும் ஒரே ஆன்டெனாவுக்கு, ஒரே நேரத்தில்தான் வருகின்றன. ஆனாலும் குரல்கள் கலப்பதில்லை. எப்படி?

காரணம், அதிர்வெண் பங்கீடு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தை, தோட்டத்தில் பாத்தி பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறார்கள். நிலையத்துக்கு ஒரு பாத்தி. நடுவே வரப்பாக இடைவெளி. 100.5 என்றால் விநாடிக்கு 10 கோடியே 5 லட்சம் அதிர்வுகள். ரேடியோ அந்தப் பாத்தியை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. கேபிள் டி.வி.யில் ஒரே ஒயரில் பல சேனல்கள் வருவதும் இப்படித்தான்.

பக்கத்திலேயே இன்னொருவர் அதே எண்ணில் ஒலிபரப்பினால்? மழை எச்சரிக்கைகூட இரைச்சலில் போய்விடும். ஒலிபரப்ப அரசு அனுமதி கட்டாயம் என்பது இதனால்தான்!