நடந்து போவோரைக் காக்கும் சட்டம்: ‘லாம்’ என்ற இரண்டெழுத்தில் நிற்கும் சிக்கல்

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிறார் ஒருவர். பிளாட்பாரத்தில் மின்வாரியப் பெட்டி. அதைத் தாண்டினால் வரிசையாக பைக்குகள். வேறு வழியில்லாமல் தார்ச்சாலையில் இறங்குகிறார். “நடு ரோட்டுல எதுக்குய்யா நடக்குற?” என்று ஹாரன் அடிக்கிறார் பின்னால் வரும் கார்க்காரர். அடிபட்டால் வழக்கு ஓட்டுநர் மீது பாயும். அவரை ரோட்டில் இறங்க வைத்தவர்கள் மீது?

அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நிர்ணயித்த தரத்தில் சாலையை அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் அபராதம். எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். கோடிக்கணக்கில் டெண்டர் எடுப்பவருக்கு இது டீச்செலவு!

அதே திருத்தத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. பாதசாரிகள் சாலையைப் பயன்படுத்துவது பற்றி 138(1ஏ). தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் தரம் பற்றி 210டி. இரண்டிலும் மாநில அரசுகள் விதி வகுக்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது. ‘வேண்டும்’ என்று இல்லை. சிக்கல் இங்கேதான். 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்கு சுமார் 90 பேர்.

வாகனங்கள் விஷயத்தில் மத்திய அரசு கொஞ்சம் கறாராகவே இருந்தது. காரின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு மோதினால் நடப்பவருக்குக் காயம் பலமாகும் என்று 2017-ல் அதைத் தடை செய்தது. சாலை விஷயத்தில் மாநிலங்களை அசைக்க வழக்கு தேவைப்பட்டது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், அந்த இரண்டு பிரிவுகளின் கீழும் 6 மாதங்களுக்குள் விதி வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அளவுகளுக்குப் பஞ்சமில்லை. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-லேயே எழுதி வைத்தது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்றது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தது. பக்கத்துத் தெருக்களில் பழைய கதைதான். கொள்கையை மீறினால் யாரும் கூண்டில் ஏற வேண்டியதில்லையே!

ஆகவே விதி வரும்போது பார்க்க வேண்டியது அகலத்தை அல்ல. பெட்டியை வைத்த மின்வாரியமா, பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரரா, பைக்கை விட்டுவைத்த போலீஸா, மாநகராட்சிப் பொறியாளரா? பொறுப்பாளி என்று அதில் எழுதப்பட்டிருப்பது யார் என்பதைத்தான்.