அடுக்குதல் புனைவன்று

தாணேயின் மொட்டைமாடி ஒன்றிலிருந்து வியாழனைப் படமெடுத்து ஒரு மாணவர் முன்வைத்தால், கற்றோரிடமிருந்தே எழும் முதல் மறுமொழி பல வேளைகளில் இதுதான்: "இது மென்பொருள் செய்த படம்." இத்தீர்ப்பை ஏற்றால், 2021 மே மாதம் புணேயின் 16 வயது மாணவர் பிரதமேஷ் ஜாஜு சுமார் 50,000 படங்களை இணைத்து உருவாக்கிய நிலவின் படமும் புனைவாகிவிடும். அறிவியல் எச்சரிக்கைபோல் ஒலிக்கும் இக்கூற்று, உண்மையில் அறிவியல் முறையை அறியாமையின் வெளிப்பாடே.

தொலைநோக்கியை அடையும் ஒளியை வளிமண்டலம் ஓயாது அலைக்கழிக்கிறது. சில நிமிடக் காணொளியில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான சட்டகங்களுள், காற்று நொடிப்பொழுது அடங்கியபோது பதிந்த சிலவே தெளிவாக அமையும். அத்தகைய நற்கணங்கள் வாய்ப்பதன் நிகழ்தகவை டேவிட் ஃபிரைட் 1978-இலேயே கணக்கிட்டுவிட்டார். நெதர்லாந்தின் எமில் கிராய்காம்ப் இலவசமாக வழங்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் அக்கணங்களைத் தேடித் தருகிறது. சட்டகங்களைத் தெளிவின்படி வரிசைப்படுத்துகிறது. கோளின் பரப்பில் பல புள்ளிகளைக் குறித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. பின்னர் சராசரி காண்கிறது. 100 சட்டகங்களை அடுக்கினால் தற்செயல் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆய்வகத்தில் ஓர் அளவீட்டைப் பன்முறை எடுத்துச் சராசரி காணும் மாணவரைப் பொய்யர் என்று எவரும் பழிப்பதில்லை. வானத்தை அளப்பவருக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

புனைவு எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. 2023 மார்ச்சில், வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நிலவுப் படத்தைத் திரையில் காட்டி, ரெடிட் பயனர் ஒருவர் அதைச் சாம்சங் கைப்பேசியால் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத நுண்விவரங்கள் கைப்பேசிப் படத்தில் தோன்றின. பதிவானவற்றுள் தேர்ந்தெடுப்பதும், பதிவாகாததை முன்பயிற்சியிலிருந்து நிரப்புவதும் ஒன்றாகா. அடுக்கிய படத்தையும் அளவுமீறிக் கூர்மையாக்கினால் கோளின் விளிம்பில் பொய் வளையம் முளைக்கும் என்பது உண்மையே. அதற்குரிய மருந்து ஏளனமன்று; எத்தனை சட்டகங்கள் எடுக்கப்பட்டன, எத்தனை ஏற்கப்பட்டன, எந்த அளவு கூர்மையாக்கப்பட்டது என்ற குறிப்பும், அழிக்கப்படாத மூலக் காணொளியும்தான்.

இவ்வேறுபாட்டை உணர்ந்த உலகம் பயன்பெற்றிருக்கிறது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அந்தோனி வெஸ்லி என்னும் ஆர்வலர் வியாழனில் புதிய கருந்தழும்பொன்றைப் படமாக்கினார். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதிப்படுத்தியது. 2019-இல் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் பழைய, புதிய நிலவுப் படங்களை ஒப்பிட்டு விக்ரம் தரையிறங்கியின் சிதைவைக் கண்டறிந்தார். ஒரே நிலப்பரப்பின் இரு படங்களைப் பொருத்திப் பார்க்கும் பொறுமையே அக்கண்டுபிடிப்பின் அடிப்படை. "படங்களோடு விளையாடுகிறான்" என்று அவரை எவரேனும் முன்கூட்டியே தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு?

தாணே இதில் பின்தங்க வேண்டியதில்லை. நகர ஒளி நெபுலாக்களை விழுங்குகிறது. அவற்றைக் காண மும்பை ஆர்வலர்கள் வாங்கணிக்குச் செல்கின்றனர். நிலவும் வியாழனும் சனியும் அவ்வொளியை மீறித் துலங்குபவை. கோள்கள் தென்கோடிக்குச் சாயும் ஆண்டுகளில் நெதர்லாந்தில் அவை சுமார் 15 பாகை உயரமே எழும். தாணேயிலோ ஏறத்தாழ 48 பாகை. மழைக்காலம் கழிந்தால் வானமும் வழிவிடும். மென்பொருளை எழுதியவரின் ஊருக்கு வாய்க்காத வானம் இங்கே வாய்த்திருக்கிறது.

வாய்க்காதது கல்விப்புலத்தின் மதிப்பு மட்டுமே. இளநிலை இயற்பியல் செய்முறையில் ஒரு நிலவுக் காணொளியை அடுக்கச் சொல்லிப் பிழைக் கணக்கையும் எழுதச் சொல்ல, கணினியும் சிறு தொலைநோக்கியும் போதும். அதைச் செய்யாத துறைகளுக்கு, செய்து காட்டும் மாணவரைப் போலி எனத் தூற்றும் தகுதி இல்லை.