தேய்ந்த கிதார்

லஸ் காட்டுக் கோயிலுக்கு அருகில் வசிக்கும் பெரியவர் ஒருவர் தமது பழைய மின்கிதாரை விற்கவிருப்பதாகக் கேள்வியுற்று, எங்கள் பங்கின் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் அதைப் பார்க்கப் புறப்பட்டான். துணைக்கு என்னையும் அழைத்தான். சங்கீதத்தில் எனக்குள்ள ஞானம் சொற்பமே. பழம்பொருள்கள் மீதுள்ள ஆவல்தான் என்னை இழுத்துச் சென்றது.

பெட்டியைத் திறந்தவுடன் அவன் முகம் வாடிற்று. செந்நிறம் வெளிறிப் போயிருந்தது. வலது முன்கை அமரும் இடத்தில் மெருகு முற்றிலும் தேய்ந்து மரம் தெரிந்தது. எஞ்சிய மெருகெங்கும் நுண்ணிய வெடிப்புகள். வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல் கிதாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டல்லவா? அவற்றுள் முதல் ஐந்தாறு, தந்தி அழுந்தி அழுந்திக் குழிவிழுந்திருந்தன. மயிலைக் கடற்காற்றும் தன் பங்குக்குத் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. “இதற்கா இவ்வளவு விலை?” என்று என் காதில் முணுமுணுத்தான்.

அது பெரியவரின் செவியில் விழுந்திருக்க வேண்டும். சினம் கொள்ளாமல் விளக்கலானார். உள்ளே வெற்றிடமாயுள்ள கிதாரில் பிக்கப் பொருத்தி உரக்க வாசித்தால், ஒலிபெருக்கியின் ஓசையே கிதாரின் உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்வு மீண்டும் பெருக்கப்பட்டு ஊளையிடத் தொடங்கும். முழுக்கட்டையில் செய்த மின்கிதாரில் இத்தொல்லை குறைவு. ஆனால் கூட்டுக்குரிய இனிமையும் குறைந்துவிடும். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ். 335 என்னும் கிதாரை வெளியிட்டு, இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. உடலின் நடுவில் நெடுக ஒரு மேப்பிள் கட்டை, இருபுறமும் வெற்றறைகள், வயலினில் உள்ளவை போன்ற துவாரங்கள். வாத்தியக்காரர்கள் இதனை ‘செமி ஹாலோ’ என்பர். பெரியவருடையது இவ்வகையே.

தேய்வு விலையைக் குறைத்தே தீரும் என்று நான் எண்ணியிருந்தது தவறு. இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் 1964 இல் வாங்கி நாற்பது ஆண்டுகள் வைத்திருந்த செந்நிற ஈ.எஸ். 335 கிதார், 2004 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டபோது 8,47,500 டாலருக்குப் போயிற்று. குடிக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாகி மீண்ட அவர், அத்தகையோருக்காக ஆண்டிகுவா தீவில் தாம் நிறுவிய மறுவாழ்வு இல்லத்திற்கென அந்த ஏலத்தை நடத்தினார். அவ்விலையில் பெரும்பகுதி வாசித்த கைக்குத் தரப்பட்டது என்பது உண்மைதான். ஆயினும் பழைய மெருகைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசினால் இத்தகைய வாத்தியத்தின் மதிப்பு சரிந்துவிடும் என்பது விவரமறிந்தோர் யாவரும் கூறுவதே.

மயிலாப்பூருக்குக் கிதார் அந்நியமன்று. இதே லஸ்ஸில், சாய் லாட்ஜின் ஓர் அறையில்தான் தன்ராஜ் மாஸ்டர் மேலைச் சங்கீதம் கற்பித்தார்; இளையராஜா அவரிடம் பயின்றவர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் வழிபாடு தமிழில் அமைய, கிதாரும் நம் ஆலயங்களில் மெல்ல இடம் பெற்றது. முதியோர் சிலர் முகம் சுளித்தனர். என் தகப்பனாரும் அவர்களுள் ஒருவர்.

நாங்கள் பேரம் பேசத் தயங்கி நிற்கையில், பெரியவர் தாமாகவே கிதாரைத் திருப்பிக் கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். மயிரிழை போன்ற கோடு. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் பாடற்பீடத்தருகே சரிந்து விழுந்து ஒடிந்ததாம், பசையிட்டு ஒட்டியிருக்கிறார். பின்சாய்ந்த தலையும், கழுத்தினுள் இரும்புக் கம்பிக்காகக் குடைந்த பள்ளமும் அவ்விடத்தைப் பலவீனமாக்குவதால், இவ்வகைக் கிதார்கள் அங்கேதான் ஒடிகின்றன. வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. நாங்கள் பார்க்கவில்லை.

“வியாபாரி ஒருவர் வந்தார். வர்ணம் பூசி மறைத்துவிட்டால் இரட்டிப்பு விலை வாங்கித் தருகிறேன் என்றார். இவளுடைய கண் அறுவைக்குப் பணம் வேண்டும்தான், தம்பி. நான் உங்களிடம் சொன்னது ஒடிந்த கிதாருக்கு உரிய விலை” என்றார். கதவருகே நின்றிருந்த அம்மையார் ஏதும் பேசவில்லை.

இளைஞன் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்து, மீதியை இரண்டு தவணைகளில் தருவதாக ஒப்புக்கொண்டான். ஒருமுறை வாசித்துக் காட்டும்படி வேண்டினான். ஒலிபெருக்கி இல்லாமலேயே பெரியவர் வாசித்தார். சிறிய ஓசை, அந்தச் சிறிய அறைக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு தோள்வாரை மட்டும் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு, பெட்டியை மூடித் தந்தார்.